காட்டேரி எங்கள் குலதெய்வம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பேய்களின் பெயர்களைப் பற்றி வரும் தொடரைப் படிக்கிறேன். போன வாரம் பெயல்செபூப், அஸ்தரோத் என்று மேல்நாட்டு மாந்திரீக நூல்களில் வரும் பிசாசுகளின் பெயர்களைச் சொல்லிவிட்டு, கீழே 'தமிழகப் பேய்கள்' என்று ஒரு பெட்டி போட்டிருந்தீர்கள். அதில் காட்டேரி, முனி, இருளன், பாவாடைராயன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் 'ரத்தம் குடிக்கும்', 'ஆளை அடிக்கும்' என்று ஒரு வரி. பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு இவர்கள்தான் குலதெய்வம். எங்களுக்குக் காட்டேரி. அந்தப் பெட்டியைப் படமெடுத்து, 'உங்க சாமி பேயாமே' என்று சொந்தக்காரர்களே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

எங்கள் காட்டேரிக்குக் கோயில் கிடையாது. கொல்லையில் வேப்பமரத்தடியில் மஞ்சள் குங்குமம் வைத்த மூன்று செங்கல், அவ்வளவுதான். ஆடியில் படையல் போடுவோம். கருப்புச் சேலை, கருப்பு வளையல், முருங்கைக்கீரை, மொச்சை, அவித்த முட்டை, கருவாட்டுக் குழம்பு. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிடுவோம். வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் அவளுக்கென்று தனிப் படையல் உண்டு. வயிற்றுப் பிள்ளையைக் காட்டேரி தீண்டிவிடும் என்ற பயத்தில் வந்த வழக்கம் இது, நான் மறுக்கவில்லை. ஆனால் பயந்தவர்கள் அவளிடமே பிள்ளையை ஒப்படைத்தும் விட்டார்கள். நான் முழுகாமல் இருந்தபோது என் மாமியார் என்னை அந்தச் செங்கல்லுக்கு முன்னால் உட்காரவைத்து, "ஆத்தா, இது உன் பிள்ளை, நீயே பார்த்துக்க" என்றுதான் வேண்டினார்.

கந்த சஷ்டி கவசத்திலேயே காட்டேரி வருகிறதே என்று கேட்பீர்கள். சரி, வருகிறதுதான். கொள்ளிவாய்ப் பேய், குறளைப் பேய், பிரமராட்சதர், புழக்கடை முனி என்று போகிற வரிசையில் அதுவும் உண்டு. எங்கள் வீட்டில் சஷ்டிக்குக் கவசம் படிப்பதும் ஆடியில் படையல் வைப்பதும் அதே பெண்கள்தான். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. கட்டுரை எழுதியவர் கவசத்தைப் பார்த்திருக்கிறார், படையலைப் பார்க்கவில்லை.

மேல்நாட்டுப் பெயர்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. இஸ்ரவேல் அரசன் அகசியா மேல்வீட்டிலிருந்து விழுந்து படுத்தபோது, பிழைப்பேனா என்று கேட்டு ஆளனுப்பியது எக்ரோன் ஊர்ச் சாமியான பாகால்சேபூபிடம். பைபிளிலேயே இருக்கிறது. நம் ஊரில் குறி கேட்கப் போவதில்லையா, அதுபோல. அந்தச் சாமியின் பெயர்தான் பின்னால் பெயல்செபூப் என்று பிசாசுகளின் தலைவனுக்குப் போனது. அஸ்தரோத் சீதோன் மக்கள் கும்பிட்ட பெண் தெய்வம். மாந்திரீக நூல்களில் அவளை ஆண் பிசாசாகவே ஆக்கிவிட்டார்கள். நம் பக்கத்திலும் கை வைத்திருக்கிறார்கள். 1510இல் ரோமில் அச்சான, இத்தாலியப் பயணி வர்த்தேமாவின் பயண நூல், கோழிக்கோட்டில் அரசர் வழிபட்ட தெய்வத்தைத் தெயுமோ என்ற பிசாசாக எழுதியது. 1863இல் பாரிசில் படங்களோடு வந்த பிசாசு அகராதியில் அது கிரீடமும் கொம்புமாக நிற்கிறது. கும்பிட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் பத்திரிகை புதுச்சேரியில் அச்சாகிறது. அதே புதுச்சேரி மாநிலத்துக் காரைக்காலில் பிறந்த அம்மையார், தம் பதிகத்தில் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே சொல்லிக்கொண்டார். அவருக்கு ஆனியில் மாங்கனித் திருவிழா எடுக்கிறோம். இங்கே எங்கள் திருவதிகையில் சிவன் முப்புரத்தை எரித்தார் என்பது வரலாறு. அதில் பிழைத்த அசுரர் மூவரில் இருவரைத் தம் கோயில் வாசலில் காவலுக்கு வைத்து, ஒருவரை முழவு வாசிக்க வைத்தார் என்று சுந்தரர் பாடியிருக்கிறார்.

தொடர் இன்னும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். மாசியில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். பாவாடைராயனுக்கு யார் படைக்கிறார்கள், என்ன வேண்டிக்கொள்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு, பெயருக்குப் பக்கத்தில் அதையும் அச்சிடுங்கள். ஆடியில் எங்கள் கொல்லைக்கு வந்தாலும் இலை போடுவோம். 'தமிழகப் பேய்கள்' என்ற அந்தத் தலைப்பை மட்டும் அடுத்த வாரமே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.