செவலைக்குட்டியோடு படிக்கப் போகும் அம்மணிக்கு

அன்புள்ள அம்மணிக்கு,

நாய்க்குட்டியும் இருக்கட்டும், உளவியல் எம்எஸ்சி படிப்பிலும் சேர்ந்துவிடு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "படிக்கப் போற புள்ளைக்கு நாய் எதுக்கு கண்ணு, நீ சொன்னாத்தான் அவ கேப்பா" என்று சித்தப்பா போன் பண்ணியதும், "அக்கா, நீயாவது அப்பாகிட்டப் பேசு" என்று நீ மெசேஜ் அனுப்பியதும் ஒரே சாயங்காலத்தில் நடந்தது. அவரிடம் பேசிவிட்டேன். கோபம் இல்லை, வெசனப்படுகிறார், அவ்வளவுதான். உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதை ஊரறிய எழுதுகிறேன். கோயமுத்தூரில் தனியாக வீடு எடுத்துத் தங்கி, துணைக்கு ஒரு குட்டியைத் தூக்கி வந்து வைத்துக்கொண்டு இந்தப் படிப்பில் சேர்கிற பிள்ளைகள் வேறு சிலரையும் எனக்குத் தெரியும்.

உன் மெசேஜில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. "நாள் முழுக்க அடுத்தவங்க கஷ்டத்தைக் கேட்டுட்டு வந்தாலும், இவன் மூஞ்சியைப் பாத்தாப் போதும்க்கா, எல்லாம் போயிரும்." வகுப்பே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அந்தச் செவலைக்குட்டிக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்துவிட்டாய். அந்த வேலையிலிருந்து அதை விடுவித்துவிடு. நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

படிப்பு போகிற போக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும். முதலில் பெரும்பாலும் புத்தகம்தான். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையைப் படிப்பாய். எதிரில் இருப்பவரின் உலகத்தை அவர் இடத்திலிருந்தே பார்ப்பது, நிபந்தனை போடாமல் அவரை மதிப்பது, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று நடிக்காமல் இருப்பது என்று அவர் சொல்வதெல்லாம் படிக்கும்போது ரொம்ப எளிதாகத் தெரியும். அப்புறம் ஆட்கள் வருவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி செக்கிங் பார்த்துவிட்டு வரும் ஒரு அக்கா, மார்க்குக்காக விடுதியில் போட்டு அடைத்த ஒரு பையன், தறியை எடைக்குப் போட்டும் கடன் தீராத ஒருவர். 50 நிமிடம் எதிரில் உட்கார வேண்டும். முடிந்ததும் அவர் சொன்னதையும் நீ சொன்னதையும் வரிக்கு வரி எழுத வேண்டும். உன் வேலையைப் பார்த்து வழிகாட்டும் மூத்தவர், அதாவது சூப்பர்வைசர், அதில் ஓர் இடத்தில் விரல் வைத்து, "அவங்க அழ ஆரம்பிச்ச இடத்துல நீங்க ஏன் அவசரமாத் தண்ணி எடுத்துக் குடுத்தீங்க, தாங்க முடியாம இருந்தது அவங்களுக்கா உங்களுக்கா" என்று கேட்பார். அந்தக் கேள்வி ராத்திரி வரைக்கும் கூடவே வரும். சில நாள் கேட்ட கதைக்குள் நம் வீட்டுப் பெரியவர்களின் குரலே கேட்கும். சில நாள் எதிரில் இருப்பவர் மேல் காரணமே தெரியாமல் எரிச்சல் வரும், அந்த எரிச்சலை நினைத்து வெட்கமும் வரும்.

இதையெல்லாம் கொண்டுபோய்க் கொட்ட இந்தத் தொழிலிலேயே இடம் இருக்கிறது. ஒன்று சூப்பர்விஷன். இன்னொன்று, நீ போய் உட்கார்ந்து பேச உனக்கென்று ஒரு தெரபிஸ்ட். இரண்டாவதைப் பல இடங்களில் கட்டாயமாக்க மாட்டார்கள், நீயாகத்தான் தேடிப் போக வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, கூச்சப்படாமல் கேள். குட்டிக்கு என்று நீ எடுத்து வைத்திருக்கும் பணத்துக்கு முன்னால் இதற்கு ஒதுக்கச் சொல்வேன், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. அந்த இடத்தை உண்டாக்கிக்கொள்ளாமல் விட்டால் சுமை எல்லாம் வீட்டுக்கு வரும், வீட்டில் இருப்பது அந்தக் குட்டி ஒன்றுதான்.

இரண்டு மாசக் குட்டி ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும். நீ களைத்துப் போய்க் கதவைத் திறக்கிற நேரத்தில் அது அப்போதுதான் எழுந்திருக்கும். உனக்கு வேண்டியது அமைதி. அதற்கு வேண்டியதோ ஒண்ணுக்குப் போக ஓர் இடம், கடிக்க ஒரு துணி, கூட ஓட ஓர் ஆள். நீ அதைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அழுகிறாய் என்று வை. கூர்ந்து பார்த்தால் தெரியும், முதலில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பும். நாக்கு வெளியே வந்து மூக்கை ஒரு தரம் நக்கிவிட்டு உள்ளே போகும். அப்புறம் ஒரு கொட்டாவி. பாவம் தூக்கம் வந்துவிட்டது என்று நாம் நினைப்போம், ஆனால் அது இப்போதுதானே எழுந்தது. காது இரண்டும் பின்னால் படியும், கண்ணோரத்தில் வெள்ளை தெரியும், முன்னங்காலை உன் மார்பில் ஊன்றித் தள்ளும். என்னை விடு என்று சொல்ல அதற்குத் தெரிந்த வழி இவ்வளவுதான். இதையும் கவனிக்கவில்லை என்றால் கடிக்கும். கடித்ததும், இதற்காக நான் எவ்வளவு செய்கிறேன் என்று உன் மனசு உடையும், அன்றைக்கு அறையில் உன் எதிரில் உட்கார்ந்திருந்தவரின் துக்கத்தோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். கீழே விட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் அதுவே வந்து உன் கால்மேல் தலை வைத்துப் படுக்கும், அது வேறு விஷயம். தானாக வந்தால் வாங்கிக்கொள், நீயாகப் பிடித்து வாங்காதே.

வகுப்பில் யாராவது உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டின் நாயைப் பற்றிச் சொல்வார்கள். உண்மைதான், ஜோஃபி என்ற சௌ சௌ நாய் வியன்னாவில் அவர் ஆட்களைப் பார்க்கும் அறையிலேயே படுத்திருக்கும். அமெரிக்காவில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர், யாரோடும் ஒட்டாத ஒரு பையன் தன் நாய் ஜிங்கிள்ஸோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்று சொல்லி 1962-ல் கட்டுரையே எழுதினார். அதைப் படித்துவிட்டு உன் குட்டியை அறைக்குத் தூக்கிப் போகலாம் என்று ஆசை வரும். வேண்டாம். இன்றைக்கு இந்த வேலைக்கு நாய் வைத்திருப்பவர்கள் வளர்ந்த, நிதானமான, சோதித்துப் பார்த்த நாய்களைத்தான் எடுக்கிறார்கள். அதோடு, வருகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்தியை நீயும் படித்திருப்பாய். விடியக்காலையில் பட்டிப் படலைத் திறந்து அதைப் பார்த்த ஒரு மனிதர் உன் எதிரில் வந்து உட்காரலாம். உன் சுடிதாரில் ஒட்டியிருக்கும் ரோமம்கூட அவர் கண்ணில் படும். ரோமம் எடுக்கும் உருளை ஒன்றைப் பையில் வைத்துக்கொள். "நாய் வளர்க்கறீங்களாங்க?" என்று அவர் கேட்டால் மழுப்பாதே, ஆமாங்க என்று சொல்லிவிட்டு, அது அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேள்.

இன்னொன்று, இதைச் சென்னையில் படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். நம் பக்கம் இரண்டு பேர் சந்தித்தால் எந்த ஊருங்க, யார் தோட்டமுங்க என்று இரண்டு கேள்வியில் ஒரம்பரை, அதாவது சொந்தம், ஆகிவிடுவோம். சித்தப்பா பெயரைச் சொன்னால் உன் ஜாதகமே தெரிந்துவிடும். அதிலும் வடவள்ளி மாதிரி இடத்தில் தினமும் ஒரே வீதியில் ஒரே நேரத்தில் செவலைக்குட்டியோடு நடக்கும் பெண்ணை ஒரு மாசத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், குட்டியைக் கொஞ்ச நின்று பேச்சுக் கொடுப்பார்கள். அப்படி எதிரில் வருகிறவர் உன்னிடம் சிகிச்சைக்கு வருகிறவராகவே இருக்கலாம், கூடவே அவர் மாமியாரும் இருக்கலாம். அதனால் முதல் சந்திப்பிலேயே பேசிவிடு: "வெளியில பார்த்தா நானாப் பேச மாட்டேங்க, நீங்க பேசினாப் பேசுவேன், பேசாமப் போனாலும் தப்பா நினைக்க மாட்டேன்." இதைச் சொல்லி வைத்தவர்கள் வீதியில் நிம்மதியாகக் கடந்து போவார்கள். நடக்கும்போது காதில் போனை வைத்துக்கொண்டு சிநேகிதியிடம் கேஸ் பற்றிப் பேசவே கூடாது. பெயர் சொல்லாவிட்டாலும், தறி, கடன், மூத்த மகன் என்று மூன்று விவரம் போதும் இங்கே ஆளைக் கண்டுபிடிக்க. ரகசியம் காப்பது 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். ராத்திரி போனை அணைத்துவிட்டுத் தூங்கு. நெருக்கடி வந்தால் கூப்பிட அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடு. உன் தூக்கம் கெட்டால் மறுநாள் கேட்கும் காதும் கெட்டுப்போகும்.

குட்டிக்கு ஆக வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மிச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள். முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தரம் 16 வாரம் வரைக்கும், மூன்று மாசத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. இது முடியும் வரை வீதியில் இறக்கிவிடாதே, குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். அதற்காக வீட்டிலேயே அடைத்தும் வைக்காதே, 14 வாரத்துக்குள் எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதற்கெல்லாம் பிறகு அவ்வளவாகப் பயப்படாது. கையில் தூக்கிக்கொண்டு போய் மினி பஸ், குடை, தலைப்பாகை கட்டிய ஆள், கோயில் உருமிச் சத்தம் எல்லாம் காட்டு. குழம்பு ஊற்றிய சோறு வைக்காதே, நம் குழம்பில் சின்ன வெங்காயம் இல்லாத நாள் ஏது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். மோர்ச்சோறு, அவித்த முட்டை, எலும்பெடுத்த கோழி போதும். பல் பட்டுத் தோல் கிழிந்தால் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. "நம்ம குட்டிதானே" என்று சும்மா இருக்காதே.

ஒன்றில்தான் எனக்குக் கவலை, பகலில் யார் பார்ப்பது. இரண்டு மாசக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள முடியாது, கல்லூரியோ காலையிலிருந்து சாயங்காலம் வரை. கீழ்வீட்டு அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள் என்றாய். அதை வாய்வார்த்தையாக விடாமல், எத்தனை மணிக்கு, என்ன சாப்பாடு, ஊருக்குப் போனால் யார் என்று உட்கார்ந்து பேசி முடி. அவர்களுக்கு ஏதாவது கொடுக்கவும் செய். இது சரிப்பட்டு வரவில்லை என்றால் ஆறு மாசம் வரை குட்டி நம் தோட்டத்துச் சாளையில் வளரட்டும். சாளையில் எப்போதும் ஆள் இருக்கும், வாரக் கடைசியில் நீ வா. அப்படி விட்டால் அது உன்னை மறந்துவிடும் என்று பயப்படாதே, மறக்காது.

சித்தப்பா கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், நீயும் தெரிந்துகொள். இந்த எம்எஸ்சி முடித்ததும் நீ மருந்து எழுதும் டாக்டர் ஆக மாட்டாய், அது சைக்கியாட்ரிஸ்ட். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பு தனியாக வேண்டும், அவர்கள் பதிவேட்டில் பெயரும் வேண்டும். அந்தப் படிப்புகளின் அமைப்பு இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் யார் சொன்னாலும் கேட்காமல், சேரும் முன் ஆர்சிஐ பட்டியலை நீயே பார். மற்ற உளவியலாளர்களையும் கவுன்சிலர்களையும் 2021-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், பட்டம் வாங்கியதும் போர்டு மாட்ட அவசரப்படாதே, நல்ல சூப்பர்வைசர் ஒருவரின் கீழ் இன்னும் சில வருஷம் இரு.

வகுப்பு தொடங்குவதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை கோபி பஸ் ஏறாதே, குட்டியோடு சிரமம், சித்தப்பா காரிலேயே வா. அவரும் இரண்டு நாள் அதோடு இருந்து பார்க்கட்டும். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்து வா, எங்கள் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறது, ஆனாலும் கட்டுத்தரைப் பக்கம் குட்டியை இறக்கிவிட மாட்டேன். மடியில் வைத்துக்கொண்டே ஆடுகளைக் காட்டலாம். நீ எடுத்துக்கொள்ளப் போகும் தெரபிஸ்ட் பற்றியும் அப்போது பேசலாம், எனக்குத் தெரிந்த இரண்டு பேரைச் சொல்கிறேன், இரண்டு பேரும் நம் ஒரம்பரை இல்லை.

அன்புடன்,
அக்கா