ஸ்பேனியல் குட்டிக்கு 'ஹீல்' கடைசியில் போதும், மாஸ்டர்

பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் நாய் பழக்கும் மாஸ்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் ஷெப்பர்டையும் டாபர்மேனையும் நீங்கள் பழக்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, தோட்டத்துக் காவலுக்கு அந்தப் பழக்கம்தான் வேண்டும். ஆனால் இப்போது ஸ்பேனியல் வகை நாய்களான காக்கரும் ஸ்பிரிங்கரும் நம் பக்கம் வர ஆரம்பித்துவிட்டன. அதுகளையும் அதே கோர்ஸில் போட்டு, நாலு மாதக் குட்டியை முதல் நாளே காலோடு ஒட்டி நடக்கவைத்து, தரையில் மூக்கை வைத்தால் செயினைச் சுண்டி, சிட், ஸ்டே, ஹீல் (காலோடு ஒட்டி நட) என்று ஒரு கான்ஸ்டபிள் மாதிரி ஆக்கி வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. புதருக்குள் போய்த் தேடு என்றால் மட்டும் போகாது, நின்று நம் முகத்தையே பார்க்கும்.

இந்த நாயின் வேலை என்ன? துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், அதாவது இருபது முப்பது கஜத்துக்குள்ளேயே இடமும் வலமுமாக ஓடித் தேடி, ஒளிந்திருக்கும் பறவையைக் கிளப்ப வேண்டும். கிளம்பியதும் துரத்தாமல் அப்படியே உட்கார வேண்டும். சுட்டு விழுந்த பறவையை, நாம் சொன்ன பிறகே போய், பல் படாமல் கவ்வி வர வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு 1899லேயே போட்டி வைத்துவிட்டார்கள். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை கிடையாது, நான் கேட்பதும் அதற்காக இல்லை, பறவைக்குப் பதில் ஒரு டம்மியை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லும் விளையாட்டுக்குத்தான். சட்டம் மாறினாலும் நாயின் மூக்கு மாறவில்லையே.

வெறியோடு தேடுவது, சரியான நேரத்தில் அடங்கி உட்காருவது என்று இரண்டும் ஒரே நாயில் வேண்டும். முதலாவது பிறப்பிலேயே வருவது, நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். கெடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. இரண்டாவது சொல்லிக்கொடுத்து வருவது, ஏழெட்டு மாதத்தில் முறையாக ஆரம்பித்தாலும் வரும். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறீர்கள் என்பதுதான் என் குறை.

இதைப் படித்துவிட்டு, ஆர்வம் வளரட்டும் என்று குட்டியைத் தோப்பில் அவிழ்த்துவிடும் ஓனர்கள் சந்தோஷப்பட வேண்டாம். நம் தோப்புகளில் மயில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. நாலு தடவை மயிலைத் துரத்தி ருசி கண்ட குட்டிக்கு அப்புறம் நீங்கள் யார்? வரப்பைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், விசில் ஊதி உங்கள் வாய்தான் வலிக்கும். மயில் அந்த வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்பில் இருக்கிறது, கவ்வினால் கேஸ். அதனால் மயில் இல்லாத இடமாகப் பாருங்கள், குட்டியின் கழுத்தில் கட்டிய நீளமான கயிறு ஒன்று தரையில் இழுபடட்டும்.

மாஸ்டர்கள் கவனிக்க வேண்டியது காற்றை. பாலக்காட்டுக் கணவாய் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி இது, ஆடியில் மேகாற்று, மார்கழி தையில் கீழ்காற்று, சந்தேகமே வேண்டாம். காற்றுக்கு எதிர்முகமாக நீங்கள் நடந்தால் குட்டி தானாகவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பழைய சாக்ஸுக்குள் தென்னை நாரைத் திணித்து டம்மி செய்து, உங்களுக்குப் பத்தடிக்குள்ளேயே புல்லில் ஒளித்துவையுங்கள், நல்ல சரக்கெல்லாம் இந்த ஆளுக்குப் பக்கத்தில்தான் கிடைக்கிறது என்று அதற்குப் புரிய வேண்டும். ஓரத்துக்குப் போய்த் தானே திரும்பப் போகிற அந்த நொடியில் இரண்டு சின்ன விசில் ஊதி, நீங்களும் மறுபக்கம் திரும்புங்கள். அது கீழ்ப்படிந்ததாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள், அது தன் இஷ்டத்துக்குத் திரும்பியதாக நினைத்துக்கொள்ளும். காற்று முதுகுப் பக்கம் இருந்தால் கதை வேறு: நாய் நேராக முன்னால் ஓடி, அங்கிருந்து உங்களை நோக்கித் தேடிக்கொண்டு வரும். அது சரியான வேலை. அதைப் போய் அடங்காத நாய் என்று கயிற்றை இழுக்காதீர்கள்.

உட்காருவதற்கான நீள விசிலைச் சோற்றுத் தட்டில் ஆரம்பியுங்கள். கையைத் தூக்கி, உட்காரவைத்து, ஊதி, அப்புறம் தட்டை வையுங்கள். அது ஊறிய பிறகு தோப்புக்கு. வீசுகிற டம்மியை எல்லாம் எடுக்க விடாமல் பெரும்பாலானதை நீங்களே நடந்துபோய் எடுங்கள், அது உட்கார்ந்து பார்க்கட்டும். இன்னும் வேண்டும் என்று கண் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

அளவு மீறினால் வால் சொல்லிவிடும். ஆட்டம் குறைந்து, தலை நிமிர்ந்து, அடிக்கடி உங்களைத் திரும்பிப் பார்த்தால் அதட்டல் அதிகம் என்று அர்த்தம், அன்றைக்கு விசிலைப் பையில் போடுங்கள். விசில் காதில் விழுந்தும் இன்னும் பத்தடி போய்விட்டுத்தான் திரும்புகிறதா, மறுபடி கயிறு.

கழுத்தில் கரண்ட் அடிக்கும் ஷாக் காலரைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. வேல்ஸில் 2010லேயே தடை செய்துவிட்டார்கள். முயல் வாசனை பிடிக்கும்போது ஷாக் அடித்தால், வலி வந்தது முயலாலா, புதராலா, உங்களாலா என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? வெயில் ஏறுவதற்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள், காதுக்குள் ஒட்டுப்புல்லும் உண்ணியும் இருக்கிறதா என்று பாருங்கள், இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஃபீஸைக் குறைக்கச் சொல்லவில்லை. கோர்ஸின் முதல் பாதியைத் தோப்பில் நடத்துங்கள், ஹீலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுங்கள். நாயை ஒப்படைக்கிற அன்று சிட், ஸ்டே காட்டுவதற்குப் பதில், ஓனர் கண்ணெதிரே டம்மியை ஒளித்துவைத்து நாயைத் தேட அனுப்புங்கள், முழு வேகத்தில் ஓடும்போது ஒரு நீள விசில் ஊதுங்கள். உட்கார்ந்ததும், திரும்ப அனுப்புங்கள். அதே வேகத்தில் கிளம்பினால் மீதிப் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.