விலங்குநல விதிகள்: வரைவு வெளியாகும்போதே பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி மாதம் நெருங்கி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஏற்பாடுகள் தொடங்கும்போதெல்லாம் டர்பன் வட்டாரக் கோயில்களில் ஒரு பேச்சு எழுகிறது. ஆடு, கோழி பலியை அரசாங்கம் தடைசெய்யப்போகிறது என்பார் ஒருவர். அது நம் மத உரிமை, எவரும் கை வைக்க முடியாது என்பார் மற்றொருவர். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டால் இருவரிடமும் பதில் இராது. விலங்குநல விதிகள் நம் தென்னாப்பிரிக்காவில் எவ்வாறு முன்மொழியப்பட்டு எவ்வாறு மாற்றப்படுகின்றன என்பதை நம் கோயில் நிர்வாகக் குழுக்கள் அறிந்து, வரைவு நிலையிலேயே எழுத்துமூலம் கருத்துரைக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

இன்றும் நடைமுறையில் உள்ள அடிப்படைச் சட்டம் 1962ஆம் ஆண்டின் 71ஆம் எண் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். பலியிடுவதையே தடுக்கும் பிரிவு அதில் இல்லை. மதச் சடங்கு என்பதற்காகத் துன்புறுத்தலுக்கு விலக்களிக்கும் பிரிவும் இல்லை. தேவையற்ற துன்பம் நேரும் வகையில் ஒரு விலங்கைக் கட்டுவதும், அடைப்பதும், ஏற்றிச் செல்வதும் குற்றம் என்கிறது அச்சட்டம். 2000ஆம் ஆண்டின் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டமோ, சமய, பண்பாட்டுக் காரணங்களுக்காக அறுக்கப்படும் விலங்கை இறைச்சிக் கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விலக்குகிறது; அந்த இறைச்சியை விற்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. ஆகவே, கால்களைக் கட்டி, பக்கி எனும் சிறு திறந்த சரக்கு வண்டியின் பின்புறத்தில் வெயிலில் கிடத்திக் கொண்டுவரப்படும் ஆட்டைப் பற்றி அதிகாரி கேள்வி கேட்டால், அவர் வழிபாட்டில் தலையிடுகிறார் என்று கூச்சலிடுவதில் நியாயமில்லை.

இனி, மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். சட்டத்தையே திருத்துவதென்றால் அது நாடாளுமன்றத்தின் வேலை. மசோதாவின் வரைவு பொதுவாக அரசிதழில் வெளியிடப்பட்டுக் கருத்து கேட்கப்படும். பின்னர் நாடாளுமன்றக் குழு அதை ஆராயும். விலங்குக் கட்டுப்பாடு அரசமைப்பின் நான்காம் அட்டவணைப்படி மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவான அதிகாரம் என்பதால், இத்தகைய மசோதா பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள நம் மாகாண சட்டமன்றத்தின் பரிசீலனைக்கும் வரக்கூடும். சட்டத்தைத் தொடாமலே மாற்றம் செய்யவும் வழி உண்டு. விலங்குகளை அடைத்துவைக்கும் முறை குறித்தும், துன்பத்தைத் தடுக்கத் தேவையான பிற நிபந்தனைகள் குறித்தும் ஒழுங்குவிதிகள் இயற்ற 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாம் பிரிவு அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. நம் அன்றாட வழக்கத்தைத் தொடக்கூடிய மாற்றங்கள் பெரிய சட்டத்தைவிட இத்தகைய சிறு விதிகளின் வழியாகவே வரக்கூடும் என்பது என் கணிப்பு. நாய் உரிமம், திரியும் விலங்குகளைப் பிடித்து அடைக்கும் பட்டி போன்றவை நகராட்சியின் கையில். 2000ஆம் ஆண்டின் நகராட்சி முறைமைகள் சட்டப்படி, பொதுமக்கள் கருத்துரைப்பதற்காக வெளியிடாமல் எந்தத் துணைவிதியையும் நகர மன்றம் நிறைவேற்ற முடியாது.

இவை தவிர நீதிமன்றமும் இருக்கிறது. சர்க்கஸ் போன்ற காட்சிகளில் பயன்படுத்தப்படும் விலங்குகளுக்கு மாஜிஸ்திரேட்டுகள் உரிமம் வழங்கிவந்த முறை, 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டது. உரிமம் வழங்குவது நிர்வாகப் பணி, நீதித்துறையின் பணியன்று என்று விலங்கு வதைத் தடுப்புத் தேசியச் சங்கம் வழக்குத் தொடுக்க, 2013இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை ஏற்று, குறையைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்கு 18 மாத அவகாசம் தந்தது. திருத்தச் சட்டம் 2016இல் வந்தது. அதே ஆண்டு, இச்சங்கம் தானே குற்றவியல் வழக்குத் தொடரும் (தனியார் வழக்கு) அதிகாரம் பெற்றது என்றும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு ஒரு மதச் சடங்கில் ஒட்டகங்கள் பலியிடப்பட்டதிலிருந்து எழுந்தது என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். 2019இல் சிங்க எலும்பு ஏற்றுமதி ஒதுக்கீட்டை முடிவு செய்தபோது விலங்குகளின் நலனைக் கருத்தில் கொள்ளாதது சட்டவிரோதம் என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தவர், நம் சமூகத்தில் பிறந்த நீதிபதி ஜோடி கொல்லாப்பன். சிங்க எலும்புக்கும் கோயில் ஆட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். விதி செய்பவர் விலங்கின் நலனை எடைபோட்டே ஆக வேண்டும் என்ற கொள்கை ஒருமுறை நிலைபெற்றபின் அது சிங்கத்தோடு நிற்காது.

மேற்கண்ட வழக்குகளைத் தொடுத்த சங்கம் அரசுத் துறையன்று. அது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஓர் அமைப்பு. வரைவுகளை வரிவரியாகப் படிக்கிறது, எழுதிக் கொடுக்கிறது, தேவைப்பட்டால் நீதிமன்றம் ஏறுகிறது. அதைக் குறைசொல்ல எனக்குக் காரணமில்லை. 1962ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது நமக்கு வாக்குரிமையே இல்லை. எவரும் நம் கருத்தைக் கேட்கவுமில்லை. இன்று கேட்கும் கடமை அரசாங்கத்துக்கு இருக்கிறது. மக்கள் பங்கேற்புக்கு உரிய வாய்ப்பளிக்கவில்லை என்பதற்காகவே 2006இல் இரண்டு சுகாதாரச் சட்டங்களை அரசமைப்பு நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. இருந்தும் நம் கோயில்களிலிருந்து ஒரு பக்கக் கருத்துரைகூடப் போவதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அரசாங்கத்தின் மீதும் குறை உண்டு. வரைவுக்குக் கருத்துரைக்க ஒரு மாத அவகாசம் என்பது, மாதத்துக்கு ஒருமுறை கூடும் கோயில் குழுவுக்கு அவகாசமே அன்று. அரசிதழைத் தேடிப் படிப்பவர்கள் வழக்கறிஞர்கள்தாம். மத அமைப்புகளைத் தொடும் வரைவுகளை அவற்றின் கூட்டமைப்புகளுக்கு நேரடியாக அனுப்புவது துறைக்குப் பெரிய செலவாகாது.

கருத்துரை என்பது கண்டனத் தீர்மானம் அன்று என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த உட்பிரிவு, அதனால் நம் கோயிலில் எது பாதிக்கப்படும், அதற்குப் பதிலாக என்ன சொற்கள் இருக்கலாம் என்ற மூன்றையும் எழுதினால் அதிகாரி படிப்பார். பலி வழக்கத்தையே கைவிட்டுப் பூசணிக்காய் வெட்டும் கோயில்களும் நம்மிடையே உள்ளன. அவர்களும் தங்கள் கருத்தை எழுதட்டும். இரு தரப்பும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். விலங்குநலம் தொடர்பான வரைவு ஏதும் அரசிதழிலோ நகராட்சி அறிவிப்பிலோ வெளியாகும்போது, அதன் பெயரையும், சுருக்கத்தையும், கருத்து அனுப்ப வேண்டிய கடைசி நாளையும் முகவரியையும் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், அதைக் கத்தரித்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பொறுப்பை எங்கள் பகுதி இளைஞர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்