சாவியைக் கொடுக்கும் முன் மீட்டரைப் பார்

அன்புள்ள மகனுக்கு,

வீடு மாறும்போது கரண்ட், தண்ணீர், கேஸ், இன்டர்நெட் எல்லாம் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, "அங்கே போனப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றாய். போனப்புறம் பார்த்தால் இரண்டு வீட்டு பில்லும் உன் தலையில்தான் விடியும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுத்திலேயே அனுப்புகிறேன்.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பணம் கேட்பார்கள். நீ காலி செய்தது மீட்டருக்குத் தெரியாது. அடுத்து குடிவருகிறவர் ராப்பகலாக ஏசி ஓட்டினாலும் உன் கணக்கில்தான் ஏறும். ஆகவே பெயரை மாற்று, இல்லையென்றால் கணக்கை முடி. புது வீட்டிலும் இதே வம்புதான். முன்பு இருந்தவர் விட்டுப்போன பாக்கி இணைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கடைசி பில்லையும் அது கட்டிய ரசீதையும் கேட்டு வாங்கிப் பார். கேட்கக் கூச்சப்படாதே. முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சாமான் எல்லாம் வண்டியில் ஏறி, சாவியை ஒப்படைக்கும் நேரத்தில் மீட்டரைப் போட்டோ எடு. வெறும் ரீடிங் மட்டும் போதாது, மீட்டரில் அச்சடித்திருக்கும் வரிசை எண்ணும் அதே படத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் இது எந்த வீட்டு மீட்டர் என்பதிலேயே தகராறு வரும். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக மாறி ஓடும். kWh (கிலோவாட் ஹவர்) என்று வருவதுதான் யூனிட். அது வரும்வரை பொறுமையாக நின்று எடு. தண்ணீர் மீட்டரில் கறுப்பு இலக்கங்கள் பெரும்பாலும் கன மீட்டரைக் காட்டும், ஒன்று என்றால் 1000 லிட்டர். புது வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கேயும் இதே மாதிரி எடுத்துவிடு.

அப்படியே குழாய்களையெல்லாம் மூடிவிட்டு அந்தத் தண்ணீர் மீட்டரை இன்னொரு தடவை பார். அதிலிருக்கும் குட்டிச் சக்கரம் அப்போதும் சுற்றினால் எங்கோ கசிகிறது. முதல் நாளே சொன்னால் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நீ உடைத்ததாகிவிடும்.

கேஸ் இணைப்பை நீயாகக் கழற்ற வேண்டாம், அதற்கென்று இருக்கும் ஆளைக் கூப்பிடு.

இன்டர்நெட்டுக்கு முதலில் சொல்லிவை. ஆள் வந்து லைன் இழுக்க வேண்டும், அவர்கள் சொல்லும் தேதிக்கு வருவது அபூர்வம். கரண்டை மட்டும் காலி செய்யும் அன்றே நிறுத்தச் சொல்லாதே. பழைய வீட்டைக் கூட்டித் துடைக்க விளக்கு வேண்டாமா? இரண்டு மூன்று நாள் இரண்டு பக்கமும் ஓடட்டும், அந்தக் காசு பெரிதில்லை.

வங்கியில் போட்டிருக்கும் ஆட்டோ டெபிட்டை அவசரப்பட்டு நிறுத்தாதே. கடைசி பில் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வந்த பிறகு நிறுத்து. கட்டிவைத்த டெபாசிட்டைத் திருப்பிக் கேள். கேட்காவிட்டால் பல இடங்களில் அது அப்படியே கிடக்கும். யாரிடம் பேசினாலும் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதே.

வண்டி எந்தக் கிழமை என்று முடிவானதும் சொல். லைன் போட ஆள் வரும்போது நீ புது வீட்டில் இரு, பழைய வீட்டில் ரீடிங் எடுக்க வருகிறவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா