ஜாவேர் துரத்தியது ரொட்டிக்காகவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விக்தோர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ள்' (1862) நாவல் பற்றிய கட்டுரையில், ஒரு ரொட்டித் திருட்டுக்காக இன்ஸ்பெக்டர் ஜாவேர் ழான் வால்ழானை ஆயுள் முழுக்கத் துரத்தியதாக எழுதியிருந்தீர்கள். பலரும் செய்யும் பிழை இது. ரொட்டிக்குக் கிடைத்தது 5 ஆண்டு. தப்பியோட முயன்றதற்கு மேலும் 14. அந்த 19 ஆண்டுகளையும் தூலோன் சிறையில் கழித்து, 1815-இல் முறைப்படி விடுதலையானவர் வால்ழான். பிறகு ஒரு சிறுவனின் 40 சூ (பழைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) நாணயத்தை வைத்துக்கொண்டதுதான் வினையாயிற்று. அன்று பழைய கைதி மறுபடி திருடினால் ஆயுள் தண்டனை. ஜாவேரின் கையில் இருந்தது அந்த வழக்கு.

ஜாவேருக்கு நீங்கள் தந்த 'கொடூரன்' என்ற சொல்லும் ஒட்டவில்லை. ஊர் மேயரை வால்ழான் என்று தவறாகச் சந்தேகித்துவிட்டோம் என நம்பியதும், தன்னைப் பணிநீக்கம் செய்யும்படி அவரிடமே போய் நிற்கிறார் (சந்தேகம் சரிதான் என்பது வேறு விஷயம்!). சிறையில் பிறந்தவர், விதிகளைத் தவிர வேறு பிடிமானம் இல்லாதவர். பாரிஸில் நடந்த 1832 ஜூன் கலகத்தில் வால்ழான் அவரை உயிரோடு விட்டுவிட, அதுவும் ஆட்டம் காண்கிறது. சேன் நதியில் குதிக்குமுன் காவல் நிலையத்தில் உட்கார்ந்து நிர்வாகத்துக்கு 10 குறிப்புகள் எழுதி வைக்கிறார். சோதனையின்போது கைதிகளை வெறுங்காலோடு கல்தரையில் நிறுத்துவதால் இருமல் வருகிறது, மருத்துவச் செலவு கூடுகிறது என்பது அவற்றில் ஒன்று.

– ஒரு வாசகர்