சித்தப்பா, உங்கள் கையிலிருக்கும் அந்தத் தழும்பு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வாரம் ஊருக்கு வந்திருந்தபோது, "காலம் கெட்டுப்போச்சுடா, மனுசன் கீழேதான் போறான்" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. விசிறிக்கொண்டிருந்த உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காசளவில் இரண்டு வட்டத் தழும்புகள், அம்மை குத்தியது. என் கையில் அது இல்லை. என் மகளுக்கு அது என்னவென்றே தெரியாது.

அம்மை குத்துகிறவர் வந்தால் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று சொல்வீர்களே! ஆச்சிக்கு அந்த ஊசியும் கிடைக்கவில்லை. முகமெல்லாம் குழி, ஒரு கண்ணில் பார்வையும் போனது. ஆச்சியின் தங்கை வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழவே இல்லை. பெரியம்மை கண்ட பத்துப் பேரில் மூன்று பேர் பிழைக்காத காலம் அது.

அதை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று 1958இல் சோவியத் யூனியன் முன்மொழிந்தது. 1967இல் தீவிரமான இயக்கத்தை முன்நின்று நடத்தியவர் டொனால்டு ஹெண்டர்சன், அமெரிக்கர். இரண்டு நாடும் ஒன்றின்மேல் ஒன்று அணுகுண்டைக் குறிவைத்திருந்த நேரம்! அந்தப் பகை தீரவில்லை, ஆனாலும் இந்த வேலையைச் சேர்ந்தே செய்து முடித்தார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். நம் நாட்டில் வீடு வீடாகப் போய், அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி, "இப்படி யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்கள். நோய் கண்ட வீட்டைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் குத்தினார்கள். 1975இல் இந்தியாவில் அது நின்றது.

இயற்கையாக அது தொற்றிய கடைசி மனிதர் சோமாலியாவின் அலி மாவ் மாலின், மருத்துவமனைச் சமையல்காரர். 1977 அக்டோபர். ஊசி வலிக்குமென்று பயந்து போட்டுக்கொள்ளாமல் இருந்தவர், சித்தப்பா, உங்களைப் போலவே. அப்புறம் அவரே ஊர் ஊராகப் போய், போலியோ மருந்து கொடுங்கள் என்று தாய்மாரிடம் பேசினார். 2013இல் அந்த வேலையில் இருக்கும்போதுதான் மலேரியாவில் இறந்தார்.

சரி, நீங்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தட்டம்மையை ஒழித்துவிட்டோம் என்று 2000இல் அறிவித்த அமெரிக்காவில், 2025இல் டெக்சாஸில் தடுப்பூசி போடாத இரண்டு குழந்தைகள் அதே நோயில் இறந்தன. படித்தபோது மனசு ஆறவில்லை. தழும்பை மறந்துபோனவர்களுக்கு ஊசி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பொங்கலுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தக் கையை அவளிடம் காட்டுங்கள், குதிருக்குப் பின்னால் ஒளிந்த கதையையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்