வலையை அறுத்த அண்ணன்களுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் மனோராவைச் சுற்றியுள்ள கரையோர ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

மாசி மாதம் ஒரு விடிகாலையில், திருக்கை வலை இழுக்கப் போன அண்ணன்கள் கடலில் இருந்தே எனக்கு போன் செய்தார்கள். "வலையில ஆவுளியா கெடக்கு. உசுரோட இருக்கு. அறுத்து விடப்போறோம்." அவ்வளவுதான். அறுக்கலாமா என்று கேட்கவில்லை, யார் பணம் தருவார்கள் என்றும் கேட்கவில்லை. ஆவுளியா என்றால் கடல்பசு. அது சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். வலை கீழே பிடித்து வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நான் செருப்பு மாட்டிக் கரைக்கு ஓடுவதற்குள் அதை விட்டுவிட்டு, கிழிந்த வலையை வாரிப் படகில் போட்டிருந்தார்கள். அந்த வலைக் கடன் இன்னும் அடையவில்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணன்களே, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

ஆவுளியா ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில வருடங்கள் ஆகும். அதனால் ஒன்றைக் காப்பாற்றியது சின்னக் காரியம் இல்லை. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது அது. ஆனால் இருட்டில், நடுக்கடலில், அந்த நேரத்தில் கத்தியை எடுப்பது வலைக்காரர் கைதான்.

அப்புறம் எங்கள் பெரியப்பா. வாலிபத்தில் ஆவுளியாக் கறி தின்றவர். அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் மறைக்காமல் சொன்னார். "அப்ப தெரியல, இப்பத் தெரியுது" என்றார். நாங்கள் பத்துக் கூட்டம் போட்டுப் பேசியிருந்தாலும் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது. ஆவுளியா மேயும் கடல்புல்லை நாங்கள் நடப் போனபோது, அது மேய்ந்து போன தடம் எப்படி இருக்கும், எந்தத் திட்டில் புல் தானாக வளரும், எங்கே நட்டால் நீரோட்டம் பிடுங்கிவிடும் என்று வல்லம் என்கிற நாட்டுப்படகில் கூட வந்து காட்டியவரும் அவரே. முதல் தடவை அவரைக் கேட்காமல் நட்ட இடத்தில் ஒரு புல்கூட நிற்கவில்லை.

மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, கயிற்றில் புல்லை முடிந்து கொடுத்த மகளிர் குழு அக்காமார்களுக்கும் ஆத்தாமார்களுக்கும் என்ன சொல்வது! இடுப்பளவு தண்ணீரில் மத்தியானம் வரை நின்றீர்கள். 2018 கஜா புயலில் தென்னை முழுவதும் சாய்ந்துபோன ஒரு வீட்டுக்காரர், திரும்பவும் காய்க்கத் தொடங்கிய மரத்துத் தேங்காய் மட்டையில் திரித்த கயிற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பணம் வேண்டாம் என்று போய்விட்டார். பெயர் போடக்கூடாது என்று கட்டளை. சரி, போடவில்லை.

நட்ட திட்டைச் சுற்றி மூங்கில் ஊன்றிக் கொடி கட்டியபோது, இழுவை மடி வலை அந்தப் பக்கம் வராமல் விலகிப் போன விசைப்படகு அண்ணன்களுக்கும் நன்றி. நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் இடையில் எத்தனை மனத்தாங்கல் உண்டென்று ஊரறியும். அதற்கு நடுவிலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள்.

ஆவுளியாவை விட்ட வீடியோவைப் பார்த்து அன்றைக்கே நேரில் வந்த வனத்துறை ஊழியர்களுக்கும், புல் முடிச்சுகளை எண்ணி நோட்டில் எழுதிய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், எங்கள் எல்லோருக்கும் கடனுக்கு டீ கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி.

கடைசியாக வலைக் கணக்கு. டீக்கடையில் வைத்த டப்பாவிலும் கோயில் வாசலிலும் சேர்ந்த பணம் பாதி வலைக்கு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன்கள் கையில் கொடுத்துவிட்டோம். வாங்கவே மாட்டோம் என்றவர்களை ஆத்தாமார்கள்தான் அதட்டி வாங்க வைத்தார்கள். மீதியை மீன்பிடித் தடைக்காலம் முடியும் ஜூன் 14-க்குள் சேர்த்துவிடுவோம். டப்பா இன்னும் கடையிலேயே இருக்கிறது.

அன்புடன்,
கடல்புல் நடும் பிள்ளைகள் சார்பில், உங்களில் ஒருவன்